சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஏற்ற எண்ணெய்

மசகெண்ணெய் பற்றிய எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் சிந்தெடிக் எண்ணெயின் பெருமையாக முதலில் குளிரைத்தான் சொல்வார்கள். சாதாரணக் கனிம எண்ணெய் மைனஸ் 10, 15 டிகிரியில் மெழுகு கட்டி நின்றுவிடும். பாலி ஆல்ஃபா ஓலெஃபின், அதாவது பிஏஓ, மைனஸ் 50-லும் ஓடும். உண்மைதான். ஆனால் பினாங்கில் விடியற்காலையில்கூட 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். காலையில் இன்ஜினை முடுக்கும்போது எண்ணெய் உறைந்திருக்குமோ என்று இங்கே யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. நம் ஊரில் எண்ணெயைக் கொல்வது சூடு. அதற்கு அடுத்தது ஈரம். இந்த இரண்டையும் வைத்துத்தான் சிந்தெடிக்கின் பலனை எடை போட வேண்டும் என்பது, காற்று கம்ப்ரஸர்களோடும் ஐஸ் ஆலைகளோடும் வாழ்க்கையை ஓட்டிய எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பாடம்.

ஜார்ஜ் டவுனில் வீடு, பாயான் லெப்பாசில் வேலை. 1972-இல் அங்கே சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்து இன்டெல், ஏஎம்டி, போஷ், ஹிட்டாச்சி போன்ற பெரிய கம்பெனிகள் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். அவர்களைச் சுற்றி முளைத்த பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறைகள், தகடு அடிக்கும் பட்டறைகள், பெயின்ட் அடிக்கும் பட்டறைகள் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. என் கம்ப்ரஸர்கள் இருந்ததெல்லாம் அங்கேதான். தகரக் கூரை, ஒரு மூலை, பக்கத்தில் இன்னொரு இயந்திரம் தள்ளும் அனல். மதியம் 2 மணிக்கு அந்த மூலையில் 40 டிகிரி இருக்கும். இயந்திரத்தோடு வரும் கையேட்டை எழுதியவர் மனத்தில் வைத்திருந்தது 20 டிகிரி அறை.

ஸ்க்ரூ கம்ப்ரஸருக்குள் எண்ணெய் படும் பாட்டைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். அங்கே எண்ணெய்க்கு மூன்று வேலை. பேரிங்குகளை நனைக்க வேண்டும். இரண்டு ஸ்க்ரூக்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடைக்க வேண்டும். காற்றை அழுத்தும்போது பிறக்கும் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்காகச் சூடான, அழுத்தம் ஏறிய காற்றோடு நுண்துளியாகக் கலந்து, பிரிந்து, கூலருக்குப் போய், உடனே திரும்பி வருகிறது. நிமிடத்துக்குப் பல சுற்று. சூடு, ஆக்சிஜன், இரும்பு, செம்பு என்று எண்ணெய் கெடுவதற்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது எங்கள் தொழிலின் பழைய கணக்கு. குளிர்ந்த ஊரில் 85 டிகிரியில் ஓடும் கம்ப்ரஸர் இங்கே 95-இல் ஓடுகிறது. கையேட்டில் 2,000 மணி நேரம் என்று போட்டிருக்கும் கனிம எண்ணெய் இங்கே அதில் பாதிக்குப் பிறகு தள்ளாடுவது அதனால்தான். எண்ணெயில் கலப்படம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் மேல் தவறில்லை. மூலையில் இருந்த அனல்தான் காரணம்.

கெட்ட கனிம எண்ணெய் எப்படி இருக்கும் என்று ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். செப்பரேட்டர் தொட்டியின் மூடியைக் கழற்றினால் முதலில் புளிப்பும் கருகலும் கலந்த ஒரு நெடி மூக்கில் ஏறும். உள்சுவர் முழுக்கத் தேன் நிறத்தில் பளபளவென்று ஒரு பூச்சு. துணியால் துடைத்தால் போகாது. நகத்தால் கீறினால் செதிலாக உரியும். வார்னிஷ் என்போம். அதே பூச்சு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வின் தண்டிலும் ஏறியிருக்கும். வால்வு பாதியில் சிக்கிக்கொள்ளும். எண்ணெய் கூலருக்குப் போகாமலே சுற்றும். வெப்பம் இன்னும் ஏறும், எண்ணெய் இன்னும் வேகமாகக் கெடும், 110-ஐத் தொட்டதும் இயந்திரம் தானே நின்றுவிடும். செப்பரேட்டரில் கரி படிந்து தீப்பிடித்த சம்பவங்களும் இந்தத் தொழிலில் உண்டு.

பிஏஓ எண்ணெயில் இது ஏன் குறைவு? கச்சா எண்ணெயிலிருந்து வடித்தெடுத்த கனிம எண்ணெயில் நீண்ட சங்கிலி, வளையம், கிளை, கந்தகம் சேர்ந்தது என்று பல சாதி மூலக்கூறுகள் கலந்திருக்கும். சில சூட்டைத் தாங்கும், சில தாங்காது. தாங்காததுதான் முதலில் உடைந்து மற்றவற்றையும் கெடுக்கிறது. பிஏஓ அப்படிக் கிடைத்ததை வைத்துச் சமாளிப்பதில்லை. எத்திலீனிலிருந்து டெசீன் என்ற 10 கார்பன் கொண்ட பொருளைச் செய்து, அதை மூன்று மூன்றாக, நான்கு நான்காகக் கோத்து, மிச்சமிருக்கும் இரட்டைப் பிணைப்பை ஹைட்ரஜனால் நிரப்பி முடிக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாம் ஒரே அளவு, ஒரே குணம். எளிதில் ஆவியாகும் லேசான மூலக்கூறும் மிகக் குறைவு.

அந்தக் கடைசிக் குணத்துக்குப் பெயின்ட் பட்டறைக்காரர்கள் நன்றி சொல்ல வேண்டும். கனிம எண்ணெயின் லேசான பகுதி 95 டிகிரியில் ஆவியாகிக் காற்றோடு போய்விடும். சாதாரண ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் துளியைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. அது குழாயில் போகிற வழியில் குளிர்ந்து மறுபடி எண்ணெயாகி ஸ்ப்ரே துப்பாக்கி வழியே வெளியே வரும். பெயின்ட் பரப்பில் மீன்கண் போலக் குழி விழும். ஜெலுத்தோங் பக்கம் ஒரு பட்டறையில் பெயின்டை மாற்றினார்கள், தின்னரை மாற்றினார்கள், பெயின்ட் அடிக்கும் பையனையே மாற்றினார்கள். கம்ப்ரஸர் எண்ணெயைப் பிஏஓ-வாக மாற்றி, காற்றுக் குழாயைக் கழுவிய பிறகுதான் குழி நின்றது.

விலையைப் பற்றித் தாவ்கேக்கள், அதாவது பட்டறை முதலாளிகள், எல்லாரும் கேட்பார்கள். ஒரு வாளி பிஏஓ-வின் விலை கனிம எண்ணெயைப் போல மூன்று, நான்கு மடங்கு. நான் வாளி விலையைப் பேசவே மாட்டேன், மணியைப் பேசுவேன். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி. நிற்காமல் ஓடும் கம்ப்ரஸருக்குக் கனிம எண்ணெய் என்றால் புத்தகக் கணக்கிலேயே நான்கு முறை மாற்ற வேண்டும். தகரக் கூரையின் கீழ் அதற்கும் மேல். ஒவ்வொரு முறையும் எண்ணெய், ஃபில்டர், ஆள் கூலி, பட்டறை நிற்கும் நேரம். பிஏஓ 8,000 மணி தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. நம் சூட்டில் நான் 6,000 என்றே வைத்துக்கொள்வேன். அப்படியும் கணக்கு நேராகிவிடும். மின்சாரம் மிச்சமாகும் என்று விற்பனையாளர்கள் பெரிய சதவீதம் சொல்வார்கள். கம்ப்ரஸரில் அது ஓரிரு சதவீதத்துக்கு மேல் போகும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. எண்ணெய் ஆயுளும் சுத்தமான உள்புறமும் மட்டுமே போதுமான காரணம்.

ஈரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதி கதைதான். நிமிடத்துக்கு 10 கன மீட்டர் காற்று இழுக்கும் கம்ப்ரஸர் நம் ஊர்க் காற்றோடு மணிக்கு ஏறக்குறைய 15 லிட்டர் தண்ணீரையும் ஆவியாக உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றை 7 பாருக்கு அழுத்தினால், 70 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்த இடத்திலும் ஆவி தண்ணீராக இறங்கும். ஆகவே எண்ணெயைச் சில்லென்று வைத்தால் நல்லது என்று பெரிய கூலர் மாட்டுவதும் தப்பு. ஒரு பட்டறையில் அப்படித்தான் செய்தார்கள். எண்ணெய் 65 டிகிரியில் ஓடியது. பார்க்கும் கண்ணாடியில் பால் கலந்த தே தாரே நிறம். பேரிங் துருப்பிடித்து ஓலமிட்ட பிறகு கூப்பிட்டார்கள். நம் ஊரில் எண்ணெய்க்குக் கிடைக்கும் வசதியான இடம் மிகக் குறுகலானது: 80-க்குக் கீழே தண்ணீர், 95-க்கு மேலே வார்னிஷ். பிஏஓ அந்த மேல் எல்லையைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறது. தண்ணீரிலிருந்தும் சுலபமாகப் பிரிகிறது. ஆனாலும் காலையில் இயந்திரத்தை ஓட விடுவதற்கு முன் அடி வால்வைத் திறந்து, தேங்கிய தண்ணீர் வடிந்து எண்ணெய் தலை காட்டும்வரை விட வேண்டும். அதை எந்த எண்ணெயும் உங்களுக்காகச் செய்து தராது.

பினாங்கில் குளிர் பிரச்சினையே இல்லை என்றேன். ஓர் இடம் விதிவிலக்கு: மீன் உறைய வைக்கும் கிடங்கு. வெளியே 32 டிகிரி வெயில், உள்ளே மைனஸ் 35. அம்மோனியாவில் ஓடும் ஆலை. கம்ப்ரஸரிலிருந்து தப்பிய எண்ணெய், வாயுவோடு சுற்றிப் போய் உறைகலத்துக்குள் விழும். அம்மோனியாவில் எண்ணெய் கரையாது. திரவ அம்மோனியாவைவிடக் கனமானதால் அடியில் தங்கும். அங்கிருந்து அதை அவ்வப்போது வடித்தெடுக்க வேண்டும். அது பயத்தோடு செய்ய வேண்டிய வேலை. முகமூடி, கையுறை, பக்கத்தில் தண்ணீர்க் குழாய், வால்வின் மேல் எடுக்காத கை. கனிம எண்ணெய் அந்தக் குளிரில் வெல்லப்பாகாகி நிற்கும். வால்வைத் திறந்தால் எதுவும் வராது. பொறுமை இழந்தவன் இன்னும் கொஞ்சம் திறப்பான். எண்ணெய் திடீரென்று வழிவிட, பின்னாலேயே அம்மோனியா சீறிக்கொண்டு வரும். இதில் நுரையீரல் கெட்டவர்கள் உண்டு. பிஏஓ அந்தக் குளிரிலும் ஒழுங்காக வழிந்து வந்துவிடும். ஆவியாகித் தப்பும் எண்ணெயும் குறைவு என்பதால் வடிக்க வேண்டிய அளவே சுருங்கிவிடுகிறது. சிந்தெடிக்கால் ஒரு மனிதனுக்குக் கிடைத்த பாதுகாப்பை நான் கண்ணால் பார்த்தது இங்கேதான்.

தீவின் தெற்கே ஒரு மீன் ஆலையில், யாரோ சொன்னதைக் கேட்டு, பல ஆண்டு கனிம எண்ணெயில் ஓடிய இயந்திரத்தில் ஒரே நாளில் பிஏஓ ஊற்றிவிட்டார்கள். சில வாரங்களில் ஷாஃப்ட் சீல், ஓ-ரிங் எல்லா இடத்திலும் கசிவு. வளாகம் முழுக்க அம்மோனியா நெடி. நான் போனபோது மேற்பார்வையாளர் பீப்பாயைக் காட்டி, “அண்ணே, இந்த எண்ணெய் சீலைத் தின்னுது” என்றார். ஒரு ஓ-ரிங்கைக் கழற்றிப் புதியதன் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பழையது தட்டையாக, கெட்டியாக, வளைத்தால் வெடிக்கும் நிலையில். எண்ணெய் எதையும் தின்னவில்லை. கனிம எண்ணெயிலிருக்கும் அரோமாட்டிக் பொருள்கள் ரப்பருக்குள் ஊறி அதை உப்ப வைத்திருந்தன. தேய்ந்துபோன சீல் அந்த உப்பலினால்தான் இத்தனை காலம் அடைத்துக்கொண்டிருந்தது. பிஏஓ வந்ததும் ஊறியது வெளியேறியது. ரப்பர் தன் உண்மையான அளவுக்குச் சுருங்கியது. எல்லாச் சீலையும் புதிதாகப் போட்டதும் கசிவு நின்றது. அதே எண்ணெய்தான் பிறகும் ஓடியது. எண்ணெய் மாற்றுகிறவர்கள் சீல் பெட்டியையும் கூடவே வாங்க வேண்டும் என்று அன்றிலிருந்து எழுதியே கொடுத்துவிடுவேன்.

அதே ஆலையில் இன்னொரு யோசனையும் ஓடியது: சீல் சுருங்குகிறது என்றால், சீலை உப்ப வைக்கும் எஸ்டர் எண்ணெயை ஊற்றிவிட்டால் என்ன? மற்ற இடங்களில் நல்ல யோசனை. பிஏஓ-வில் கொஞ்சம் எஸ்டர் சேர்த்து விற்பதே அதற்காகத்தான். ஆனால் அம்மோனியாவோடு எஸ்டர் சேர்ந்தால் வினை நடந்து கசடு கட்டும். ஆலையே அடைத்துக்கொள்ளும். சிந்தெடிக் என்று பீப்பாயில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்று நான் கத்துவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. உள்ளே இருப்பது பிஏஓ-வா, எஸ்டரா, கிளைக்காலா, ஹைட்ரஜன் ஏற்றிச் சுத்திகரித்த குரூப் 3 எண்ணெயா என்று கேட்டு வாங்க வேண்டும். இந்தக் கடைசி வகை நம் நாட்டிலேயே தயாராகிறது. பெட்ரோனாஸ் 2008 முதல் மெலாக்காவில் செய்கிறது. கச்சா எண்ணெயிலிருந்து வந்ததுதான் என்றாலும், வளையங்களை உடைத்துத் திருத்தியதால் கார் இன்ஜினுக்குப் பிஏஓ-வுக்கு மிக அருகில் நிற்கும் எண்ணெய். விலையும் குறைவு. கார் வைத்திருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது அதைத்தான்.

எஸ்டருக்கு உரிய இடம் வேறு. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மான்ட்ரியலில் ஒப்பந்தம் எழுதியதற்குப் பிறகு ஆர்-12 வாயு போய் ஆர்-134ஏ வந்தது. புது வாயுவோடு கனிம எண்ணெய் கலக்காது. குழாய்க்குள் போன எண்ணெய் கம்ப்ரஸருக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிவிடும். அதனால் பெரிய குளிரூட்டிகளுக்கெல்லாம் பாலியால் எஸ்டர் வந்தது. அமிலத்தையும் ஆல்கஹாலையும் சேர்த்து, தண்ணீரைப் பிரித்தெடுத்துச் செய்வது எஸ்டர். தண்ணீர் திரும்பக் கிடைத்தால் அமிலமாகப் பிரியவும் தயங்காது. நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்த டின் சில மணி நேரத்தில் போதுமான ஈரத்தைக் குடித்துவிடும். வாக்வம் பம்ப் எவ்வளவு நேரம் ஓடினாலும் எண்ணெய்க்குள் பிணைந்த ஈரம் லேசில் வெளியே வராது. அதனால் என் பையன்களுக்கு ஒரு கட்டளை: சின்ன டின்னாக வாங்கு, இயந்திரம் தயாரான பிறகு திற, மிச்சமானதை மூடி வைத்து மறுபடி பயன்படுத்தாதே. காசைக் கொட்டுகிறோமே என்று முணுமுணுத்த பையனுக்கு, அமிலத்தில் செம்பு கரைந்து பேரிங்கின் மேல் பூச்சாக ஏறியிருந்த ஒரு கம்ப்ரஸரைப் பிரித்துக் காட்டினேன். பிறகு அவன் முணுமுணுக்கவில்லை.

எஸ்டரில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அது நம் மண்ணோடு சேர்ந்த எண்ணெய். செம்பனை எண்ணெயை அப்படியே மசகாக ஊற்றினால் சூட்டில் சீக்கிரம் கெடும், கொஞ்சம் குளிர்ந்தால் கட்டிவிடும். அதன் அமிலங்களைப் பிரித்தெடுத்து வேறோர் ஆல்கஹாலோடு பிணைத்தால் சூட்டைத் தாங்கும், மண்ணில் மக்கிப் போகும் எண்ணெயாகிறது. செம்பனைக் கொட்டை எண்ணெயில் கிடைக்கும் 8, 10 கார்பன் அமிலங்கள் விமான ஜெட் இன்ஜின் எண்ணெய் செய்யவும் பயன்படுகின்றன. பாலத்தைத் தாண்டினால் பிறையிலேயே கொழுப்பு அமில ஆலைகள் இருக்கின்றன. தோட்டங்களில் குலை வெட்டியவர்களின் பிள்ளைகள் பலர் அந்த ஆலைகளில் ஆபரேட்டர்களாக இருக்கிறார்கள். ஆற்றோரமும் கடலோரமும் ஓடும் ஹைட்ராலிக் இயந்திரங்களிலாவது இந்த எண்ணெயைக் கட்டாயமாக்கலாம் என்பது என் ஆசை.

பிறையில்தான் கிளைக்கால் எண்ணெயின் வலிமையையும் பார்த்தேன். கன்வேயரை இழுக்கும் வார்ம் கியர்பாக்ஸ். அதில் பற்கள் உருள்வதைவிட உரசுவதே அதிகம், எஃகு வெண்கலத்தின் மேல். கனிம எண்ணெயில் ஓடியபோது கூட்டின் மேல் கை வைக்க முடியாது. பாலி கிளைக்கால் ஊற்றிய பிறகு உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணலாம். உராய்வு குறைந்ததற்கு அதைவிட நேரடியான சாட்சி வேண்டாம். மின்சார மிச்சத்தை நான் நம்பிச் சொல்லும் ஒரே இடமும் இதுதான். ஆனால் கிளைக்கால் கனிம எண்ணெயோடு சேராது, கலந்தால் கோந்து போலாகிவிடும். உள்ளே பூசிய பெயின்டை உரிக்கும். பிளாஸ்டிக் கண்ணாடியைக் கெடுக்கும். பழைய எண்ணெயைச் சொட்டுவிடாமல் வடித்து, இரண்டு முறை கழுவித்தான் ஊற்ற வேண்டும். கையில் கனிம எண்ணெய் டின்னோடு யாரும் டாப்-அப் செய்ய வராமலிருக்க, கூட்டின் மேல் சிவப்புப் பெயின்டில் எழுதி வைப்போம்.

எல்லாவற்றுக்கும் சிந்தெடிக் என்று சொல்லும் ஆளும் நான் இல்லை. தெலுக் பஹாங் படகுத்துறையில் பழைய டீசல் இன்ஜின்கள் குடிக்கும் எண்ணெயில் ஒரு பங்கு ஒழுகிப் போகிறது. ஒழுகும் இடத்தில் 8,000 மணி ஆயுள் எதற்கு? மெதுவாக, சூடில்லாமல் சுற்றும் சங்கிலிக்கும் திறந்த கியருக்கும் கனிம எண்ணெய் தாராளமாகப் போதும். சேர்க்கைப் பொருள்களையும் பழைய கசடையும் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்வதில் குரூப் 1 கனிம எண்ணெய்க்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. உணவு கொண்டு போகும் பிள்ளைகள் நாள் முழுக்க வெயிலில் ஓட்டும் கப்சாய் மோட்டாரில் இருப்பது ஒரு லிட்டருக்கும் குறைந்த எண்ணெய். காற்றால் மட்டுமே குளிரும் இன்ஜின். அவர்களுக்குச் சிந்தெடிக் நல்லது. காசு இல்லையா, கனிம எண்ணெயைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றினாலும் இன்ஜின் பிழைக்கும். எதை வாங்கினாலும் கிளட்ச் வழுக்காமலிருக்க டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்வேன்.

இப்போது பட்டறைகளுக்குப் போனால் வாசலிலேயே முதலில் பார்ப்பது கழிவெண்ணெய்ப் பீப்பாய்களை. 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிப்படி பழைய மசகெண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்ற வகைக் கழிவு. சீட்டு ஒட்டி, தேதி எழுதி, 180 நாளுக்கு மேல் வைக்காமல் உரிமம் உள்ளவரிடம் ஒப்படைக்க வேண்டும். நான்கு முறை வடித்த இடத்தில் ஒரு முறை வடிக்கும் பட்டறையில் அந்தப் பீப்பாய் நிரம்பவே மாட்டேன் என்கிறது. கால்வாயில் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கும் ஊரில், வடிக்கும் எண்ணெய் குறைவதே பெரிய லாபம் என்று நான் தாவ்கேக்களிடம் சொல்கிறேன். வாளி விலையில் ஆரம்பித்த பேச்சைச் சிலர் அங்கே நிறுத்திவிட்டு, அடுத்த கம்ப்ரஸருக்கும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.